அந்த மாஸ்டர்ஸ் பட்டத்தின் முழுப் பெயர் என்ன?

கேள்வி: பி.ஆர்க் நான்காம் ஆண்டு படிக்கிறேன். படிப்பை முடித்ததும் வெளிநாட்டில் ஆர்க்கிடெக்டாக வேலை பார்க்க ஆசை. அமெரிக்காவா, பிரிட்டனா, ஆஸ்திரேலியாவா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. என் ஐந்தாண்டுப் பட்டம் அங்கே செல்லுமா? வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஓர் ஏஜென்சியில், "அங்கே இரண்டு வருட மாஸ்டர்ஸ் முடித்தால் போதும், நீங்கள் ஆர்க்கிடெக்ட்" என்கிறார்கள். அப்பா கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். சீனியர் ஒருவரோ, "போர்ட்ஃபோலியோ நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்கிறார். இப்போதே நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?
ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடன் பேச்சு வந்துவிட்டதால் ஏஜென்சி சொன்னதிலிருந்தே தொடங்குகிறோம். நீங்கள் பெயர் சொன்ன மூன்று நாடுகளிலும், மாஸ்டர்ஸ் முடித்த மறுநாளே யாரும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடுவதில்லை. சரியான மாஸ்டர்ஸாக இருந்தால் பாதி வழி வரை கொண்டுபோய் விடும். தவறான மாஸ்டர்ஸாக இருந்தால், ஆர்க்கிடெக்டாகப் பதிவு பெறும் விஷயத்தில் நீங்கள் புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள். கல்லூரியின் விளம்பரத்தாளில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வேலை கிடைப்பதையும் பதிவு பெறுவதையும் முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வரைந்து, மாடல் செய்து, சைட்டுக்குப் போய் வர உங்களுக்குப் பதிவு தேவையில்லை. விசாவும், உங்களை வேலைக்கு எடுக்க ஓர் அலுவலகமும் இருந்தால் போதும். ஆனால் "ஆர்க்கிடெக்ட்" என்ற பெயரைப் போட்டுக்கொள்ளவும், அந்தப் பெயரில் சொந்தமாகத் தொழில் நடத்தவும் அந்த நாட்டின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பிரிட்டனில் 1997-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அந்தப் பெயரையே பாதுகாக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனி வாரியம். அரசு அனுமதிக்குப் போகும் வரைபடங்களில் கையெழுத்தும் முத்திரையும் வைப்பவர் லைசென்ஸ் பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு வரும்வரை உங்கள் விசிட்டிங் கார்டில் "ஆர்க்கிடெக்சுரல் அசிஸ்டென்ட்" என்றோ "டிசைனர்" என்றோதான் இருக்கும். அப்படியே நல்ல சம்பளத்தில் நிறைவாக வேலை பார்ப்பவர்கள் பலர் உண்டு, அதில் குறைவொன்றும் இல்லை. நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்பதை மட்டும் உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பதிவுதான் குறி என்றால் மூன்று படிகள் இருக்கின்றன: படிப்பு, மேற்பார்வையில் பெற்ற அனுபவம், தேர்வு. "என் பட்டம் செல்லுமா?" என்ற கேள்வி முதல் படியை மட்டுமே தொடுகிறது.

அமெரிக்காவின் முறை எண்களாலேயே எழுதப்பட்டிருப்பதால் அதை வைத்து விளக்குவது எளிது. அங்கே மாநில வாரியங்களுக்கெல்லாம் பொதுவான அமைப்பு என்கார்ப். பட்டங்களை அங்கீகரிப்பது என்.ஏ.ஏ.பி. என்ற வேறோர் அமைப்பு. இந்த அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட ஒரு பட்டத்துக்குக் கிடைக்கிறது, அதுவும் பி.ஆர்க் (இளங்கலை), எம்.ஆர்க் (முதுகலை), டி.ஆர்க் (முனைவர் நிலை) என்ற மூன்று பட்டங்களுக்கு மட்டும். வெளியே படித்து வருபவர்களின் பட்டம் இ.இ.எஸ்.ஏ. என்ற மதிப்பீட்டுக்குப் போகும். உங்கள் ஐந்தாண்டுப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, டிசைன், கட்டுமானத் தொழில்நுட்பம், வரலாறு, தொழில் நடைமுறை, பொதுக் கல்வி என்று பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை கிரெடிட் குறைகிறது என்று அறிக்கை தருவார்கள். "செல்லும், செல்லாது" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வராது.

குறை பெரும்பாலும் எங்கே விழும் தெரியுமா? பொதுக் கல்வியில். முதல் செமஸ்டரிலிருந்தே ஸ்டுடியோவும் வரைதலுமாக ஓடும் பி.ஆர்க் படிப்பில் கணிதம், இயற்கை அறிவியல், கட்டுரை எழுதுதல், சமூகவியல் போன்ற ஆர்க்கிடெக்சர் அல்லாத பாடங்களுக்கு இடம் குறைவு. டிசைனில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கும் இந்தப் பிரிவில் பற்றாக்குறை வரும். பதற வேண்டாம்; அந்தப் பாடங்களைத் தனித்தனியாக ஒரு கல்லூரியில் படித்தோ, சி.எல்.இ.பி. போன்ற கிரெடிட் தேர்வு எழுதியோ நிரப்பிவிடலாம். உங்களுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் படிப்பு பாக்கி இருக்கிறது. விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு சாஃப்ட்வேர் வகுப்புக்குப் பதில் பொருளாதாரமோ உளவியலோ எடுத்தால், பின்னால் ஒரு குறை குறையும்.

இரண்டாம் படி ஏ.எக்ஸ்.பி. என்ற அனுபவத் திட்டம். மொத்தம் 3,740 மணி நேரம், ஆறு பிரிவுகள். ப்ராஜெக்ட் டெவலப்மென்ட் அண்ட் டாக்குமென்டேஷன், அதாவது கட்டுமான வரைபடங்கள், மட்டும் 1,520 மணி. திட்டமிடலும் வடிவமைப்பும் 1,080 மணி. கட்டுமானக் கட்டத்துக்கு 360. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டுக்கு 360. ஆரம்பகட்ட ஆய்வுக்கு 260. அலுவலக நிர்வாகத்துக்கு 160. வாரம் 40 மணி நேரம் என்று வகுத்தால் 94 வாரத்தில் முடியும்போலத் தெரியும். முடியாது. புதிதாகச் சேர்ந்தவரை வரைபடத்திலேயே உட்கார வைப்பது பல அலுவலகங்களில் வழக்கம். 1,520 நிரம்பி வழியும், சைட்டுக்கான 360 காலியாகக் கிடக்கும். அதனால் சைட் மீட்டிங்குக்கு என்னையும் கூட்டிப்போங்கள் என்று கேட்டு வாங்குவதும் அங்கே வேலையின் ஒரு பகுதி.

இந்த மணிகளில் ஏறக்குறைய பாதி, 1,860 வரை, அமெரிக்காவுக்கு வெளியே, அந்த நாட்டில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டின் நேரடி மேற்பார்வையில் செய்ததாக இருக்கலாம். குறைந்தது 1,860 மணியாவது அமெரிக்காவிலோ கனடாவிலோ லைசென்ஸ் பெற்றவரின் கீழ் செய்திருக்க வேண்டும். ஆனால் காலக்கெடு கடுமை: வேலை செய்த 8 மாதத்துக்குள் பதிந்தால் முழு மணியும் கணக்கில் வரும், அதைத் தாண்டி 5 ஆண்டு வரை என்றால் பாதிதான். நீங்கள் செய்யப்போவது போன்ற இன்டர்ன்ஷிப்பின் மணிகள் இப்படித்தான் பலருக்கு வீணாகின்றன. அமெரிக்கா என்ற எண்ணம் பாதி மனதில் இருந்தாலும், இன்டர்ன்ஷிப் தொடங்கும்போதே என்கார்ப் கணக்கைத் திறந்துவிடுங்கள்.

மூன்றாம் படி ஏ.ஆர்.இ. தேர்வு, ஆறு தாள்கள். இதற்கு மேல் சில மாநிலங்கள் தம் பங்குக்கு ஒன்று வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் தனியாக ஒரு துணைத் தேர்வு உண்டு. அதே கலிபோர்னியா, படிப்பும் அனுபவமும் சேர்ந்து எட்டு ஆண்டு என்ற கணக்கைத்தான் பார்க்கிறது; என்.ஏ.ஏ.பி. பட்டம் இல்லாதவருக்கும் அங்கே வழி இருக்கிறது. நியூயார்க்கிலும் அப்படி ஒரு வழி உண்டு. "அமெரிக்காவில் செல்லாது" என்று யாராவது சொன்னால், எந்த மாநிலத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி மாஸ்டர்ஸ் விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரே கட்டிடத்தில் மூன்று நான்கு முதுகலைப் படிப்புகள் நடக்கும். "மாஸ்டர் ஆஃப் ஆர்க்கிடெக்சர்" என்பது தொழில்முறைப் பட்டம், பெரும்பாலும் என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் பெற்றது. "மாஸ்டர் ஆஃப் சயின்ஸ் இன் ஆர்க்கிடெக்சர்", அர்பன் டிசைன், சஸ்டெய்னபிள் டிசைன், டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன் போன்றவை அந்த அங்கீகார வட்டத்துக்கு வெளியே. இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு: பி.ஆர்க் முடித்தவர்களுக்கென்றே சில இடங்களில் "போஸ்ட்-ப்ரொஃபெஷனல் எம்.ஆர்க்" வைத்திருப்பார்கள். பெயரில் எம்.ஆர்க் என்றே இருக்கும், ஆனால் அங்கீகாரம் இருக்காது, ஏனென்றால் ஏற்கெனவே தொழில்முறைப் பட்டம் பெற்றவருக்கான மேற்படிப்பாகத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பி.ஆர்க் மாணவியான உங்களிடம் முதலில் நீட்டப்படுவது இதுவாகத்தான் இருக்கும். அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க் பொதுவாக இரண்டிலிருந்து மூன்றரை ஆண்டு வரை போகும்; உங்கள் பி.ஆர்க்கைப் பார்த்து நடு ஆண்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். கூடவே இன்னொன்று: அமெரிக்காவுக்கு வெளியே உள்ள சில பட்டங்களுக்கு என்.ஏ.ஏ.பி. "சர்வதேசச் சான்று" தருகிறது. அது அங்கீகாரத்துக்கு நிகரல்ல. அந்தப் பட்டதாரியும் இ.இ.எஸ்.ஏ. வழியாகத்தான் வர வேண்டும்.

பிரிட்டனிலும் இதே குழப்பம் வேறு பெயரில் இருக்கிறது. பதிவேட்டை வைத்திருப்பது ஏ.ஆர்.பி. ஆர்.ஐ.பி.ஏ. என்பது ஆர்க்கிடெக்டுகளின் உறுப்பினர் சங்கம். ஆர்.ஐ.பி.ஏ. பல நாடுகளில் உள்ள கல்லூரிகளின் படிப்புகளுக்கு மதிப்புச் சான்று தருகிறது. அதைப் பெரிதாக அச்சிட்டு விளம்பரம் செய்வார்கள். நல்ல தரத்தின் அடையாளம்தான், சந்தேகமில்லை. ஆனால் பிரிட்டனுக்கு வெளியே படித்த அந்தச் சான்றை மட்டும் காட்டி ஏ.ஆர்.பி. பதிவு வாங்க முடியாது. ஓராண்டு எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்புகளும் பொதுவாகப் பதிவுக்கு உதவுவதில்லை. பதிவுக்கான முதுகலை பெரும்பாலும் இரண்டாண்டு எம்.ஆர்க். பகுதி 1 (இளங்கலை), பகுதி 2 (முதுகலை), பகுதி 3 (தொழில்முறைத் தேர்வு) என்று சீனியர்கள் சொல்லும் அமைப்பும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பகுதி 1-ஐத் தனித் தகுதியாக அங்கீகரிப்பதை விட்டுவிட்டு, முதுகலை முடிக்கும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்க்கும் முறைக்கு ஏ.ஆர்.பி. நகர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் போனவரின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆஸ்திரேலியாவில் ஏ.ஏ.சி.ஏ. என்ற அமைப்பு வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடுகிறது. அதன்பின் 3,300 மணி நேர லாக்புக் (பணி அனுபவக் குறிப்பேடு), எழுத்துத் தேர்வு, நேர்காணல், கடைசியாக மாநில வாரியத்தில் பதிவு. குடியேற்ற விசாவுக்கான திறன் மதிப்பீட்டுக் கடிதமும் இதே அமைப்பிலிருந்து வருவதால், அது கையில் வந்ததும் பதிவு கிடைத்துவிட்டதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். லாக்புக்கும் தேர்வும் அதற்குப் பிறகும் பாக்கி இருக்கும். கனடாவில் சி.ஏ.சி.பி. என்ற அமைப்பின் பட்ட மதிப்பீடு, 3,720 மணி நேர இன்டர்ன்ஷிப், எக்ஸாக் தேர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005/36 என்ற வழிகாட்டு ஆணைப்படி ஒன்றியத்துக்குள் படித்த பட்டங்கள் நாடு விட்டு நாடு தானாகச் செல்லும்; வெளியே படித்த பட்டத்தை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பார்க்கும். ஜெர்மனியில் 16 மாநிலங்களுக்கும் தனித்தனி ஆர்க்கிடெக்ட் சபைகள். இளங்கலை வெளியே, மாஸ்டர்ஸ் மட்டும் அங்கே என்றால் இரண்டையும் சேர்த்து எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை, சேரும் முன்பே அந்த மாநிலச் சபையிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

"ஒரு நாட்டில் பதிவு வாங்கிவிட்டால் மற்ற நாட்டுக்கு ஒப்பந்தம் வழியாகப் போய்விடலாம்" என்றும் யாராவது சொல்வார்கள். ஒப்பந்தங்கள் உண்மைதான்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடனும், 2023-இலிருந்து பிரிட்டனுடனும் என்கார்ப்புக்கு உண்டு. ஆனால் மூன்றாவது நாட்டின் பதிவைக் காட்டிப் பரஸ்பர அங்கீகாரத்தில் பெற்ற லைசென்ஸுக்கு அவை உதவாது. ஒப்பந்தத்தின் விதிவிலக்குப் பத்தியை முதலில் படியுங்கள்.

இனி நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது. இது மூன்று நாட்டுக்கும் பொதுவானது, செலவும் அதிகமில்லை.

உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) "பில்டிங் சர்வீசஸ் 2, 3 கிரெடிட்" என்று ஒரு வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு அது குழாயா, மின்சாரமா, ஏர் கண்டிஷனிங்கா, தீத்தடுப்பா என்று தெரியாது. தெரியாததை அவர் உங்களுக்குச் சாதகமாக ஊகிக்க மாட்டார். அந்த வரிக்கு உயிர் கொடுப்பது சிலபஸ் புத்தகத்தின் அந்தப் பக்கம்: வாரத்துக்கு எத்தனை மணி, ஒவ்வொரு யூனிட்டிலும் என்ன தலைப்பு. ஆறேழு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் கேட்டால் அப்போது நடப்பில் இருக்கும் புதிய சிலபஸைத் தருவார்கள். பாடக் குறியீடு பொருந்தாது, கோப்பு திரும்பி வரும். நீங்கள் சேர்ந்த ஆண்டின் சிலபஸை முழுதாக எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி முத்திரை வாங்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். அசல் டிரான்ஸ்கிரிப்ட் பல இடங்களில் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகப் போக வேண்டும். எந்த அலுவலர், எந்த விண்ணப்பம், எத்தனை நாள் என்று படிக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள். பெயரையும் பாருங்கள். சான்றிதழில் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவே மாதங்கள் போகும்.

போர்ட்ஃபோலியோ பற்றி உங்கள் சீனியர் சொன்னது மாஸ்டர்ஸ் சேர்க்கைக்குப் பொருந்தும். பதிவுக்கான போர்ட்ஃபோலியோ வேறு வகை. ஐரோப்பிய ஆணையில் ஆர்க்கிடெக்டுக்குத் தேவையான அறிவு 11 அம்சங்களாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் மதிப்பீட்டு அளவுகோலும் நெடுங்காலம் அந்தப் பதினொன்றைத்தான் பின்பற்றியது. அழகியல், வரலாறு, நகர அமைப்பு ஆகியவற்றுக்கு எல்லோரிடமும் பக்கங்கள் இருக்கும். கட்டமைப்பு, உள்வெப்பம், செலவு, விதிமுறைகள் என்று வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. ரெண்டர் (கணினியில் உருவாக்கிய தோற்றப் படம்) இருபது, செக்‌ஷன் (வெட்டுத் தோற்ற வரைபடம்) ஒன்று என்ற போர்ட்ஃபோலியோ அங்கேதான் தோற்கிறது.

ஒரு பக்கத்தை எப்படித் தயாரிப்பது என்று காட்டுகிறோம். உங்கள் ஸ்டுடியோ ப்ராஜெக்ட் ஒன்றின் வெளிச்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை 1:20 அளவில் ஒரு செக்‌ஷன். ஈரத்தடுப்பு அடுக்கு எங்கே, மேல்தளத்து மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஜன்னல் அடியில் தண்ணீர் உள்ளே வராமல் எது தடுக்கிறது என்று ஒவ்வோர் அடுக்குக்கும் பெயரும் கனமும் எழுதுங்கள். பக்கத்தில் அந்தச் சுவரின் வெப்பக் கடத்தல் கணக்கு நாலு வரி. அதே கட்டிடத்தின் தரைப்படத்தில், தொலைவான மூலையிலிருந்து தப்பிக்கும் படிக்கட்டு வரை கோடு இழுத்து, தூரத்தை மீட்டரில் குறித்து, எந்த விதி எத்தனை மீட்டர் அனுமதிக்கிறது என்று விதியின் எண்ணோடு எழுதுங்கள். அடியில் ஒரு குறிப்பு: எந்த செமஸ்டர், எத்தனை வாரம், தனி வேலையா, குழு வேலையா, குழு என்றால் உங்கள் பங்கு எது. குழு வேலையைத் தன் வேலைபோலக் காட்டியது நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஜூரிக்கு (ஸ்டுடியோ வேலையை மதிப்பிடும் அமர்வுக்கு) முன் வரைந்த ஸ்கெட்ச்களையும், கைவிட்ட திட்டங்களையும் தேதியோடு ஸ்கேன் செய்து வையுங்கள். முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

இன்டர்ன்ஷிப்பிலும் இதே கவனம் வேண்டும். "நன்றாக வேலை செய்தார், நல்ல குணம்" என்ற கடிதம் எந்த வாரியத்துக்கும் பயன்படாது. தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, எந்தக் கட்டிடம், என்ன பரப்பு, எந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், மேற்பார்வையிட்ட ஆர்க்கிடெக்டின் பதிவு எண், கையெழுத்து. இத்தனையும் வேண்டும். அலுவலகத்தில் எழுதித் தர நேரம் இருக்காது; நீங்களே வாராவாரம் குறித்து வந்து, கடைசி வாரத்தில் வரைவைத் தயாராகக் கொண்டுபோய் நீட்டுங்கள். அலுவலகம் மூடிவிட்டால், அந்த ஆர்க்கிடெக்ட் காலமாகிவிட்டால், இந்தத் தாளை வேறு எங்கும் வாங்க முடியாது.

எங்கள் கருத்தைக் கேட்டால், பட்டம் முடித்தவுடன் கடன் வாங்கிப் பறக்காதீர்கள். படித்த நாட்டிலேயே முதலில் பதிவு பெற்று, இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்யுங்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு ஆர்க்கிடெக்டுகளுக்கென்று உள்ள வழி, கனடாவில் நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கான பெஃபா திட்டம் ஆகியவற்றின் வாசலில் முதலில் கேட்பது, நீங்கள் சொந்த நாட்டில் பதிவு பெற்றவரா என்பதைத்தான். பதிவு இல்லாமல் இளவயதில் வெளியேறியவர் பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகும் அந்த வழிகளில் நுழைய முடியாமல் நிற்கிறார். ஒரு கட்டிடம் மண்ணிலிருந்து எழுவதை ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் போனால் அங்கே மாஸ்டர்ஸ் ஸ்டுடியோவிலும் அது கைகொடுக்கும். பதிவுக்காக இல்லை, மரபுக் கட்டிடப் பாதுகாப்போ நிலத்தோற்ற வடிவமைப்போ ஆழமாகக் கற்கத்தான் மாஸ்டர்ஸ் என்றால், அங்கீகாரம் இல்லாத பட்டமும் அருமையான படிப்பாக இருக்கலாம். அதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

ஏஜென்சிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலை இன்றே அனுப்புங்கள். மூன்று கேள்விகள் போதும். பட்டச் சான்றிதழில் அச்சாகும் முழுப் பெயர் என்ன? அந்தப் பெயருள்ள பட்டம் நான் முடிக்கும் ஆண்டில் என்.ஏ.ஏ.பி., ஏ.ஆர்.பி. அல்லது ஏ.ஏ.சி.ஏ. பட்டியலில் இருக்குமா? என் பி.ஆர்க்குடன் சேர்த்துப் பார்க்கும்போது பதிவுக்கான கல்வித் தகுதி முழுமையாக நிறைவேறுமா, குறை இருந்தால் எது? பதில் வந்ததும் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலைத் திறந்து, பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தொலைபேசியில் சொல்வதை ஏற்க வேண்டாம். மூன்றுக்கும் பதில் எழுத்தில் கைக்கு வந்த பிறகு அப்பா வங்கிக்குப் போகட்டும்.